மூலம் ஒன்று, திருத்தும் கைகள் பல
எழுத்தும் எந்திரமும் – 14

அச்சுக்கோப்பு நிரலான டெக்கின் மூலக்கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பதிப்புரிமை அறிவிப்பு. எந்த வழக்கறிஞரும் எழுதித் தந்திருக்க மாட்டார், அப்படிப்பட்ட அறிவிப்பு. கோப்பைப் படியெடுக்க இரண்டு வகையினருக்குத்தான் உரிமை. நீங்கள் டெக்கை எழுதிய டொனால்ட் க்னூத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால், உங்கள் படியில் எதையுமே மாற்றாதவராக இருக்க வேண்டும். மாற்றியே தீர வேண்டுமென்றால் அதற்குத் தனிக்கோப்பு வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள் என்று அங்கேயே ஒரு வழியையும் சொல்லிவிடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், எதையும் மாற்றாமல் வைத்திருந்தால் அந்த நிரல் ஸ்டான்போர்டுக்கு வெளியே அநேகமாக எங்கும் ஓடாது. தொடாதே என்று சொல்லிக் கொடுத்த பொருளை எல்லோரும் தொட்டே ஆகவேண்டிய நிலை. இந்த முரண்பாட்டிலிருந்துதான் திருத்தக்கோப்பு பிறந்தது. ஒருவர் மட்டும் திருத்தியவரை அது ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாமவர் வந்தபோது என்ன ஆயிற்று என்பது இந்தப் பகுதியின் கதை.

போன பகுதியை விட்ட இடம் நினைவிருக்கும். 1978-இல் செயில் என்ற ஸ்டான்போர்டு மொழியில் எழுதிய டெக்கை க்னூத் ஓரமாக வைத்துவிட்டு, 1982-இல் முழுவதையும் புதிதாக எழுதினார். இந்த முறை பாஸ்கல் மொழியில், வெப் என்ற அமைப்புக்குள். நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே கோப்பில், மனிதர் படிக்க வசதியான வரிசையில் எழுதுவது லிட்டரேட் புரோகிராமிங். அந்தக் கோப்பை டாங்கிள் என்ற கருவி கம்பைலருக்கான பாஸ்கலாகக் கலைத்துக் கொடுக்கும். வீவ் என்ற கருவி அச்சுக்கான ஆவணமாக நெய்து கொடுக்கும். டாங்கிள் தரும் பாஸ்கல் வேண்டுமென்றே படிக்க முடியாதபடி இருக்கும். வரிகளெல்லாம் அடைசலாக, விளக்கம் ஒன்றுகூட இல்லாமல். அதில் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

அப்படியானால் எங்கே கை வைப்பது?

கை வைக்க வேண்டிய இடங்கள் நிறையவே இருந்தன. பாஸ்கலைப் பற்றி அன்றைக்கு எல்லோரும் பெருமையாகப் பேசினார்கள். ஆனால் ஒரு கோப்பைப் பெயர் சொல்லித் திறப்பதற்கு அதில் பொது வழி கிடையாது. ஒவ்வொரு கம்பைலரும் தன் விருப்பப்படி ஒரு வழி வைத்திருந்தது. பல கிளைகளாகப் பிரியும் கட்டளையில் ‘மற்றவை எல்லாம்’ என்று ஒரு கிளை வைக்கவும் மொழியில் இடமில்லை. அதையும் கம்பைலர்காரர்கள் தலைக்கு ஒரு விதமாகச் சேர்த்திருந்தார்கள். க்னூத் பயன்படுத்தியது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெட்ரிக் உருவாக்கிய பாஸ்கல்-எச். அதன் பழக்கவழக்கங்கள் மூலக்கோப்பில் அப்படியே படிந்திருந்தன. ஐபிஎம் பெருங்கணினிகளில் எழுத்துக் குறியீடே வேறு. நினைவக அளவை மூலக்கோப்பு 30000 என்று வைத்திருந்தது. சிறிய இயந்திரத்துக்கு அது அதிகம், பெரிய இயந்திரத்துக்குப் போதாது. இப்படி இடத்துக்கு இடம் மாறும் பிரிவுகளையெல்லாம் க்னூத் மறைக்கவில்லை. பின்னிணைப்புச் சொல்லடைவில் ‘அமைப்பைச் சார்ந்தவை’ என்று ஒரு பதிவு போட்டு, எந்தெந்தப் பிரிவுகளைப் பார்க்க வேண்டும் என்று எண்களை வரிசையாகக் கொடுத்திருந்தார்.

இந்தச் சிக்கல் க்னூத்துக்கு முன்பே உண்டு. அட்டைகளில் நிரல் துளையிட்ட காலத்திலேயே கண்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் இயந்திரங்களில் அப்டேட் என்ற கருவி இருந்தது. ஐபிஎம் அட்டையில் 73 முதல் 80 வரையிலான பத்திகள் வரிசை எண்ணுக்கு ஒதுக்கப்பட்டவை. இன்ன எண்ணுள்ள வரியை எடு, இன்ன எண்ணுக்குப் பின் இதைச் செருகு என்று தனிக்கோப்பில் எழுதினால் போதும். ஐபிஎம்மின் விஎம் இயங்குதளத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போய், பல திருத்தங்களை எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பும் வந்துவிட்டது. தங்கள் தேவைக்கேற்ற மாற்றங்களைக் கணினி மையங்கள் பல ஆண்டுகள் அந்த முறையில்தான் சுமந்தன.

க்னூத் எண்ணை விட்டார், வாசகத்தைப் பிடித்தார். திருத்தக்கோப்பின் இலக்கணம் மூன்றே குறிகள்தாம். @எக்ஸ் என்ற குறிக்குப் பின் மூலத்தில் உள்ள வரிகளை உள்ளபடி எழுத வேண்டும். @ஒய் என்ற குறிக்குப் பின் அந்த இடத்தில் வர வேண்டிய புதிய வரிகள். @இசட் வந்தால் அந்தத் திருத்தம் முடிந்தது. நினைவக அளவைக் கூட்ட வேண்டுமா? @எக்ஸுக்குக் கீழே 30000 உள்ள வரி, @ஒய்க்குக் கீழே 60000 உள்ள வரி, @இசட். வேலை முடிந்தது. டாங்கிளும் வீவும் மூலக்கோப்பையும் திருத்தக்கோப்பையும் ஒருசேர வாசித்துக்கொண்டே போகும். பொருந்தும் இடம் வந்ததும் பழைய வரிகளை விட்டுவிட்டுப் புதியவற்றை எடுத்துக்கொள்ளும். மூலம் வட்டில் அப்படியே கிடக்கும்.

விதிகள் கடுமையானவை. @எக்ஸுக்குக் கீழே எழுதிய வரி மூலத்தின் வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வரியின் கடைசியில் உள்ள வெற்றிடத்துக்கு மட்டும் சலுகை. திருத்தங்கள் மூலத்தின் வரிசையிலேயே வர வேண்டும். பின்னால் வருவதை முன்னால் எழுதினால் கருவி திரும்பிப் போய்த் தேடாது. அது கவனிப்பதும் முதல் வரியை மட்டும்தான். முதல் வரி பொருந்திவிட்டால் இதுதான் இடம் என்று முடிவு கட்டிவிடும், பிறகு வரும் வரிகள் பொருந்தாவிட்டால் பிழை. அப்போது டாங்கிள் ‘ஹ்ம்’ என்று தொடங்கி, முந்தைய வரிகளில் இத்தனை பொருந்தவில்லை என்று எண்ணிச் சொல்லும். அனுபவப்பட்டவர்கள் திருத்தத்தை ‘பிகின்’, ‘எண்ட்’ போன்ற பொது வரியில் தொடங்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் வேறெங்கும் வராத ஒரு வரியைத் தேடிப் பிடித்துத் தொடங்குவார்கள்.

இந்தக் கடுமை தேவைதானா என்று கேட்டவர்கள் உண்டு. 1985-இல் லாரி வால் எழுதிய பேட்ச் நிரல் நேர்மாறான வழியில் போனது. வரி எண் தள்ளிப் போயிருந்தால் அக்கம்பக்கத்தில் தேடும். சுற்றியுள்ள வரிகள் கொஞ்சம் மாறியிருந்தாலும் பரவாயில்லை என்று ஒட்டிவிடும். யூனிக்ஸ் உலகம் அந்தத் தாராளத்தின் மேல்தான் வளர்ந்தது, இன்றைய கிட் வரை. ஆனால் டெக் போன்ற நிரலுக்கு க்னூத்தின் கண்டிப்பே சரி என்று எனக்குப் படுகிறது. மூலத்தில் ஒரு வரி மாறியிருக்கிறது என்றால், அங்கே திருத்தம் செய்தவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தானாக ஒட்டிக்கொள்ளும் திருத்தம் அவரைத் தூங்கவிட்டுவிடும்.

திருத்தக்கோப்போடு இன்னொரு வழக்கமும் வந்தது. டெக்கின் மூலத்தில் 1380 பிரிவுகள். கடைசிப் பிரிவு சொல்லடைவு. அதற்கு முந்தைய 1379-ஆம் பிரிவு காலி. உங்கள் ஊருக்கான சேர்க்கைகளை இங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒதுக்கிய இடம். மற்ற பிரிவுகளைத் திருத்தும்போது பிரிவு எண்கள் நகராதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னார் க்னூத். 1986-இல் டெக்கின் நிரல் முழுவதும் தனி நூலாக அச்சில் வந்தபோது இதன் அருமை புரிந்தது. எந்த ஊர் டெக்காக இருந்தாலும், ஒரு பிரிவு எண்ணைச் சொன்னால் எல்லோரும் ஒரே பக்கத்தைப் புரட்டலாம். திருக்குறளில் நமக்கு அந்த வசதி கிடைக்காமல் போனது நினைவுக்கு வருகிறது. அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மணக்குடவரிடம் ஒன்று, பரிமேலழகரிடம் வேறொன்று. பழைய உரைகளை ஒப்பிட உட்காருகிறவர் முதலில் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும். வீவ் அச்சிடும் ஆவணத்தில் மாற்றப்பட்ட பிரிவின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். மாறிய பிரிவுகளை மட்டும் அச்சிட்டுக்கொள்ளவும் ஒரு சிறு வழி இருந்தது. அச்சு நூலும் கையில் நட்சத்திரப் பக்கங்களும் இருந்தால் ஓர் ஊரின் டெக் முழுதும் கைக்குள்.

காந்த நாடாக்களில் டெக் உலகெங்கும் போனது. டெக் நிறுவனத்தின் வேக்ஸ் இயந்திரத்துக்கு ஒரு திருத்தக்கோப்பு (நிறுவனத்தின் பெயரும் நிரலின் பெயரும் தமிழில் ஒன்றாக ஒலிப்பதற்கு நான் பொறுப்பல்ல), ஐபிஎம்முக்கு ஒன்று, கண்ட்ரோல் டேட்டாவின் சைபருக்கு ஒன்று. யூனிக்ஸுக்கான தொடக்கத் திருத்தக்கோப்புகளைப் பெரும்பாலும் எழுதியவர்கள் ஹோவர்ட் டிரிக்கியும் பாவெல் கர்ட்டிஸும். அவற்றை அடிப்படையாக வைத்து 1987-இல் தாமஸ் ரொக்கிக்கி பாஸ்கலுக்குப் பதில் சி மொழிக்கு மாற்றும் அமைப்பைத் தொடங்கினார். பிறகு டிம் மார்கன், 1990-இல் கார்ல் பெர்ரி, 1997-இல் ஓலாஃப் வெபர் என்று கைமாறி வந்த அந்த வெப்2சி இன்றைக்கும் டெக் லைவ் தொகுப்பின் முதுகெலும்பு. அதன் திருத்தக்கோப்பின் தலையில், முதல் @எக்ஸுக்கு முன்னால், 1986-இலிருந்து தேதியும் பெயரெழுத்தும் போட்ட குறிப்புகள் வரிசையாக நிற்கின்றன. குறிகளுக்கு வெளியே எழுதுவதைக் கருவி கண்டுகொள்வதில்லை. அந்த இடத்தை மனிதர்கள் நாட்குறிப்பாக்கிக்கொண்டார்கள். திருத்தத்தைவிட அந்தக் குறிப்புகளை ஆசையாகப் படிக்கிறவன் நான்.

இதுவரை ஓர் இயந்திரம், ஒரு திருத்தக்கோப்பு என்ற கணக்கு. டாங்கிளின் கட்டமைப்பே அப்படித்தான்: ஒரு மூலம், ஒரு திருத்தம். இரண்டாவது திருத்தக்கோப்பைக் கொடுக்க வழியில்லை.

ஆனால் இயந்திரத்துக்காகத் திருத்துவது ஒரு வகை, நிரலையே மேம்படுத்தத் திருத்துவது வேறு வகை. 1980-களின் நடுவில் மாண்ட்ரியலில் மைக்கேல் பெர்குசன் பல மொழிகளுக்கான டெக் ஒன்றைத் திருத்தக்கோப்பாகச் செய்தார். அன்றைய டெக் 7 பிட் எழுத்துகளையே உள்ளே வாங்கும். உச்சரிப்புக் குறி உள்ள சொற்களை வரியிறுதியில் சரியாக வெட்டத் தெரியாது. பிரெஞ்சும் ஜெர்மனும் எழுதுகிறவர்களுக்கு அது அன்றாடத் தொல்லை. 1987-இல் க்னூத்தே பியர் மெக்கேயுடன் சேர்ந்து வலமிருந்து இடமாக ஓடும் அரபு, எபிரேய எழுத்துகளைக் கலந்து கோக்க ஒரு வழி எழுதினார். அதுவும் மூலத்துக்குள் போகவில்லை, திருத்தமாகத்தான் வந்தது. வேக்ஸ் வைத்திருக்கிற ஒருவருக்குப் பன்மொழி டெக் வேண்டுமென்றால் இரண்டு திருத்தக்கோப்புகளும் தேவை. கருவி ஒன்றைத்தான் ஏற்கும். இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் வரிசை விதி இடிக்கும். ஆகவே உட்கார்ந்து கையால், திருத்தம் திருத்தமாக, இரண்டையும் ஊடுபாவாகக் கோக்க வேண்டும். அடுத்த மாதம் ஒன்றில் புதிய வெளியீடு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இந்த எரிச்சல் ஜெர்மனியில்தான் முதலில் கட்டுரையாக வெளிப்பட்டது. 1986-இல் டெக் பயனர் குழுவின் டக்போட் இதழில் வொல்ப்காங் அப்பெல்ட்டும் காரின் ஹார்னும் வெப்பில் பல திருத்தக்கோப்புகள் என்ற பொருளில் எழுதினார்கள். அதே ஆண்டில் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிளாஸ் குண்டர்மனும் வொல்ப்காங் ரூலிங்கும் ‘இன்னொரு அணுகுமுறை’ என்று தலைப்பிட்டு வந்தார்கள். 1987-இல் வெய்ன் சூவெல் டாங்கிளுக்கு எதுகையாக ‘மாங்கிள்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்து எழுதினார். சிதைப்பது என்று பொருள். 1988-இல் பீட்டர் பிரைட்டன்லோனர் ‘இன்னும் வேறொரு அம்சம்’ என்று தொடங்கும் தலைப்போடு பேட்ச் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். அது லாரி வாலின் பேட்ச் அல்ல. மூன்றே ஆண்டுகளில் நான்கு தரப்பினர் தனித்தனியாக ஒரே முள்ளைப் பிடுங்க முயன்றிருக்கிறார்கள். பல திருத்தக்கோப்புகளை ஒட்டும் கருவியே பலவாக முளைத்த விநோதத்தை அந்தக் காலத்து டக்போட் வாசகர்கள் ரசித்திருப்பார்கள்.

நிலைத்தது டார்ம்ஷ்டாட் கருவி. பெயர் டை, கோப்புகளை முடிந்து கட்டுவதால். அதுவும் வெப்பில் எழுதப்பட்ட நிரல்தான். பிறகு சி மொழிக்கு மாறியது. மூலத்தில் உள்ளது பாஸ்கலா, சி-யா, கவிதையா என்று டை பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது @எக்ஸ், @ஒய், @இசட் மட்டும். அந்த அறியாமைதான் அதை நாற்பது ஆண்டு வாழவைத்திருக்கிறது.

டை எப்படி யோசிக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். திருத்தங்களை அது அடுக்காகப் பார்க்கிறது. முதல் திருத்தக்கோப்பு மூலத்தின் மேல் விழுகிறது. இரண்டாவது, மூலத்தின் மேல் நேரடியாக அல்ல, முதலாவது திருத்திய வாசகத்தின் மேல் விழுகிறது. மூன்றாவது அதற்கும் மேல். ஒரு சிறு உதாரணம். மூலத்தில் க, ங, ச, ஞ, ட என்று ஐந்து வரிகள். முதல் கோப்பு ங என்ற வரியை எடுத்துவிட்டு ப, ம என்ற இரண்டு வரிகளை வைக்கிறது. இப்போது வாசகம் க, ப, ம, ச, ஞ, ட. இரண்டாவது கோப்பு ம, ச என்ற இரண்டையும் தேடி, அங்கே வ என்ற ஒரே வரியை வைக்கச் சொல்கிறது. முடிவு: க, ப, வ, ஞ, ட.

இதை ஒரே திருத்தமாக எழுதினால் எப்படி இருக்கும்? @எக்ஸின் கீழே ங, ச. @ஒய்யின் கீழே ப, வ. முதல் கோப்பு ச-வைத் தொடவேயில்லை. இரண்டாவது ங-வைப் பார்த்ததேயில்லை. ஆனால் இணைந்த திருத்தத்தில் இரண்டும் ஒரே பிடியில் வருகின்றன. நடுவில் பிறந்து நடுவிலேயே மறைந்த ம என்ற வரி எங்கும் இல்லை. கையால் கோத்தவர்கள் வழுக்கி விழுந்தது இந்த மாதிரி இடத்தில்தான். மூலத்தின் எந்த வரி இப்போது யாருடைய பிடியில் இருக்கிறது என்பதை டை ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொண்டு, எல்லா அடுக்குகளும் மூலத்தோடு மறுபடி ஒத்துப்போகும் இடத்தில் @இசட் போடுகிறது.

வெளியீடு இரண்டு விதம். எல்லாத் திருத்தங்களையும் ஏற்றிப் புதியதொரு மூலக்கோப்பைத் தரச் சொல்லலாம். அல்லது எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே திருத்தக்கோப்பாகத் தரச் சொல்லலாம். மூலத்தைத் தொடாத இரண்டாவது வழியையே டையின் ஆசிரியர்கள் முக்கியமாகக் கருதினார்கள். பின்னாளில் மற்றவர்கள் அதிகம் நாடியது முதல் வழியை. மூலத்தைக் காக்க வந்த கருவியே புதுப் புது மூலங்களை அச்சடிக்கும் எந்திரமாயிற்று.

இனி டையால் முடியாதது. இரண்டு திருத்தக்கோப்புகளும் க்னூத்தின் அசலை மட்டும் பார்த்துத் தனித்தனியாக எழுதப்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே வரியில் கை வைத்திருந்தால், முதலாவது ஏறியதும் அந்த வரி காணாமல் போய்விடும். இரண்டாவது தேடி ஏமாந்து பிழை சொல்லும். டை சமரசம் செய்யாது. யார் முதலில், யார் பிறகு என்பதைக் கோப்புகளைக் கொடுக்கிறவர் முடிவு செய்ய வேண்டும். பின்னால் வருகிறவர் முன்னால் போனவரின் வாசகத்தைப் படித்துவிட்டு எழுத வேண்டும். ஆக, வரிசை எண்ணில் முந்துவது சாதாரண விஷயமில்லை. பின்னால் நிற்பவர்தான் ஒவ்வொரு வெளியீட்டிலும் தன் கோப்பைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியவர்.

1989-இல் க்னூத்தே மூலத்தை மாற்ற நேர்ந்தது. அந்த ஆண்டு ஸ்டான்போர்டில் நடந்த பயனர் குழுக் கூட்டத்தில் ஐரோப்பியர்கள் 8 பிட் எழுத்துகளுக்காக மன்றாடினார்கள்; க்னூத் இணங்கினார்; 1990-இல் டெக் 3 வந்தது. உலகெங்கும் உள்ள திருத்தக்கோப்புகள் பொருந்தாமல் கத்தின. அதன் பிறகு க்னூத் கதவைச் சாத்திவிட்டார்: இனிப் பிழை நீக்கம் மட்டும், புதிய வசதி எதுவும் கிடையாது, ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் பதிப்பு எண்ணில் பையின் அடுத்த இலக்கம் சேரும். 2021-இல் அது 3.141592653-ஐத் தொட்டது. மூலம் உறைந்தது திருத்துகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். ஓடும் பேருந்தில் இனி எழுத வேண்டியதில்லை.

உறைந்த மூலத்தின் மேல் ஆளாளுக்குக் கட்டத் தொடங்கினார்கள். அவற்றில் திருத்தக்கோப்புக் கலையின் உச்சம் என்று நான் கருதுவது 1996-இல் வந்த இ-டெக். எழுதியவர் மேலே சொன்ன அதே பிரைட்டன்லோனர், மியூனிக்கில் மாக்ஸ் பிளாங்க் இயற்பியல் நிறுவனத்தில் இருந்தவர். இங்கே லிட்டரேட் புரோகிராமிங்கின் ஒரு பழைய குறையைச் சொல்லியாக வேண்டும். கம்பைலர் கேட்கும் வரிசையை மறந்துவிட்டு, படிப்பவருக்கு ஏற்ற வரிசையில் எழுதலாம் என்பதுதான் வெப் தந்த பெரிய சுதந்திரம். அந்தச் சுதந்திரம் மூல ஆசிரியருக்கு மட்டும்தான் கிடைத்தது. திருத்த வருகிறவர் மூலத்தின் வரிசைக்குள் அடைபட்டவர். அவர் சொல்ல விரும்பும் ஒரே கருத்து நாற்பது இடங்களில் துண்டு துண்டாகத் தெறித்துக் கிடக்கும். நூறாவது பக்கத்தில் அறிவிப்பு, முன்னூறாவது பக்கத்தில் பயன்பாடு. வீவ் அதை அழகாக அச்சிட்டாலும் படிக்கிறவருக்குக் கதை புரியாது. கிழித்து எறிந்த கடிதத்தைப் பொறுக்கிப் படிக்கிற அவஸ்தை.

பிரைட்டன்லோனர் இதற்கு எளிய வழி கண்டார். க்னூத்தின் நிரல் நெடுகத் தேவையான இடங்களில் சிறு கொக்கிகளை மட்டும் மாட்டினார். உண்மையான விஷயத்தையெல்லாம் 53அ என்று ஒரு புதிய பாகமாக்கி, அமைப்பு சார்ந்த மாற்றங்களுக்கு ஒதுக்கிய பாகத்துக்கு முன்னால் வைத்தார். அந்தப் பாகத்தைத் தனியாக எடுத்துப் படித்தால் இ-டெக் என்ன செய்கிறது என்பது ஒரு கோவையாக விளங்கும். க்னூத்தின் எண் வரிசையில் 53-க்கும் 54-க்கும் நடுவில் ஓர் ‘அ’வைச் செருகியதிலேயே அவருடைய மரியாதை தெரிகிறது. பழைய முறையில் இயக்கினால் டெக்கைச் சரிபார்க்க க்னூத் எழுதிய டிரிப் சோதனையை இ-டெக் தாண்டும். புதிய வசதிகளுக்கென்று தனிச் சோதனை ஒன்றும் உண்டு.

ஆனால் இ-டெக்கை யூனிக்ஸில் ஏற்றும்போது பழைய சிக்கல் புதிய முகத்தோடு வந்தது. வெப்2சி-யின் திருத்தக்கோப்பு க்னூத்தின் அசல் வாசகத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இ-டெக் ஏறிய பிறகு அந்த அசலின் சில வரிகள் மாறியிருக்கும். வெப்2சி-யின் திருத்தம் தடுமாறும். வெப்2சி கோப்பை இ-டெக்குக்காக மாற்றி எழுதினால், சாதாரண டெக்குக்கு அது உதவாது. இரண்டு படிகள் வைத்துக்கொண்டால் இரண்டையும் காலமெல்லாம் பராமரிக்க வேண்டும்.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. டெக்.சிஎச் என்பது வெப்2சி-யின் பெரிய திருத்தக்கோப்பு. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு குட்டிக் கோப்புகள்: டெக்.சிஎச்0, டெக்.சிஎச்1. முதலில் இ-டெக் ஏறும். அடுத்து சிஎச்0, இ-டெக் மாற்றிய வரிகளில் மோதல் வரும் சிலவற்றைத் தற்காலிகமாகப் பழைய உருவத்துக்குத் திருப்பிவைக்கும். எதுவும் நடக்காதது போலத் தோன்றுவதால் பெரிய டெக்.சிஎச் தடையில்லாமல் ஏறிவிடும். அதன் பிறகு சிஎச்1 வந்து, திருப்பிவைத்ததை மறுபடி இ-டெக்குக்கு ஏற்றபடி சரிசெய்யும். வீட்டுக்குப் பெரியவர் வரும்போது மட்டும் பழைய நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, அவர் போனதும் ஒளித்துவைக்கிற தந்திரம்தான். டை அடுக்குகளாக வேலை செய்வதால்தான் இது சாத்தியமாயிற்று. இரு திருத்தங்களுக்கு நடுவிலான சமாதானத்தை எந்தக் கருவியும் கணக்குப் போட்டுத் தரவில்லை. ஒரு மனிதர் இரண்டையும் படித்து, மோதும் வரிகளைக் கண்டு, கையால் எழுதினார். அந்தக் கையெழுத்தையும் அதே மூன்று குறிகளில், மேலும் இரண்டு திருத்தக்கோப்புகளாக எழுதியதுதான் இதில் நுட்பம்.

எல்லோருக்கும் அந்தப் பொறுமை இல்லை, இருக்கத் தேவையுமில்லை. 1990-களில் ஜான் பிளேஸும் யானிஸ் ஹரலம்பூஸும் உருவாக்கிய ஒமேகா 16 பிட் எழுத்துகளுக்குப் போனது. எழுத்தின் அகலத்தை மாற்றினால் நிரலின் எல்லா மூலையிலும் கை வைக்க வேண்டும். பல திருத்தக்கோப்புகளாகப் பிரித்து டையால் கட்டினார்கள். ஒமேகாவோடு இ-டெக்கைச் சேர்த்து ஜியுசெப்பே பிலோட்டா அலெஃப் செய்தார். செக் நாட்டின் பர்னோவில் மசாரிக் பல்கலைக்கழகத்தில் ஹான் தே தான் செய்த பிடிஎஃப்டெக்கும் திருத்தக்கோப்பாகத்தான் பிறந்தது. வளர்ந்து பெருத்தபோது திருத்தம் என்ற சட்டை கிழிந்தது. இன்று அதற்குத் தன் சொந்த மூலக்கோப்பு உண்டு. 2004-இல் ஜொனதன் கியூ வெளியிட்ட ஸீடெக்கும் அப்படியே. யூனிகோடையும் நவீன எழுத்துருக்களையும் நேரடியாக எடுத்துக்கொள்ளும் ஸீடெக்கின் வழியாகத்தான் தமிழில் தட்டச்சு செய்ததை அப்படியே டெக்கில் கோக்கும் வசதி நமக்குப் பரவலாகக் கிட்டியது. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும் அந்தப் பக்கத்துக்குப் பின்னால், க்னூத்தின் பாஸ்கல் வரிகள் இன்னும் பெரும்பாலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. பிடிஎஃப்டெக்கும் அலெஃபும் கலந்து பிறந்த லுவாடெக் 2009-இல் பாஸ்கலையே கைவிட்டு சி-க்கு மாறிவிட்டது. அங்கே திருத்தக்கோப்புக்கு வேலையில்லை.

தனி மூலம் வைத்துக்கொண்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விலை உண்டு. இ-டெக்கில் க்னூத் எழுதியது எது, பிரைட்டன்லோனர் எழுதியது எது என்று ஒரு கோப்பைத் திறந்தால் தெரியும். பிடிஎஃப்டெக்கின் மூலத்தில் அதைப் பிரித்தறிய நீங்களே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பல திருத்தக்கோப்புகளைக் கட்டும் கலை இன்றைக்கு மிக உற்சாகமாக வாழும் இடம் ஜப்பான். ஆஸ்கி நிறுவனம் மேலிருந்து கீழாக ஓடும் ஜப்பானிய எழுத்துக்காகச் செய்த பி-டெக்கும் க்னூத்தின் மேல் ஏறும் திருத்தம்தான். 2000-களின் பிற்பகுதியில் ஹிரோனோரி கிடாகாவா அதையும் இ-டெக்கையும் இணைத்து இ-பிடெக் செய்தார். தகுஜி தனகா யூனிகோடுக்காக அப்-டெக் செய்தார். இரண்டும் கலந்த இ-அப்டெக்கும் உண்டு. டெக் லைவில் இவற்றைக் கட்டும்போது டை பத்துக்கு மேற்பட்ட கோப்புகளை வரிசையாக ஏற்றுகிறது: க்னூத்தின் மூலம், அதன் மேல் இ-டெக், வழிவிடும் குட்டிக் கோப்பு, வெப்2சி, மீட்கும் குட்டிக் கோப்பு, ஜப்பானிய எழுத்து, இரண்டையும் இணைக்கும் கோப்பு, பிறகு ஒவ்வொரு சிறு வசதிக்கும் ஒவ்வொன்று. அடுக்கின் வரிசை மாறினால் கட்டுமானம் நின்றுவிடும். ஓர் ஊரில் ஒரு திருத்தம் போதும் என்று நினைத்து க்னூத் வடிவமைத்த அதே மூன்று குறிகள் இந்தப் பாரத்தைத் தாங்குகின்றன.

க்னூத்தும் சில்வியோ லெவியும் சேர்ந்து 1987 முதல் உருவாக்கிய சிவெப்பிலும் ஒரு நிரலுக்கு ஒரு திருத்தக்கோப்புதான். அங்கே இன்னொரு சிக்கல் கூடியது: ஒரு கோப்பு மற்றொரு கோப்பை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். டைக்கு அது தெரியாது. மூலத்தின் பொருளை அது பார்ப்பதில்லையே. அதற்காக ஜூலியன் கில்பே டையை மாற்றி சிடை என்று ஒன்று எழுதினார். நார்மன் ராம்சே 1989-இல் தொடங்கிய நோவெப்போ திருத்தக்கோப்பு என்ற எண்ணத்தையே எடுத்துக்கொள்ளவில்லை. நிரலின் மொழியும் வேண்டாம், வீவின் அலங்காரமும் வேண்டாம், எல்லாவற்றையும் சிறு சிறு குழாய்களாகக் கோத்தால் போதும் என்று நினைத்தவர் அவர். அடுத்த பகுதியில் அவரிடம் போவோம்.